மேட்னி ஷோவுக்கு வந்த அம்மன்

"நெசமான சாமின்னா, படத்துல உடுக்கை அடிக்கறப்ப அக்காவுக்கு வந்தே தீரணும். வரலன்னா ஆவணியில எனக்கும் தமிழினிக்கும் கல்யாணம். என்னா மாமா?" என்றான் பூவரசன்.

பக்கிரி வழக்கம்போல வாயைத் திறக்காமல் தலையாட்டினார்.

ஆடித் திருவிழாவில் அவர் மனைவி மங்கம்மா சாமி வந்து ஆடி, "என் புள்ளய காலேஜுக்கு அனுப்புடா" என்று மகள் தமிழினிக்காக அவருக்கு உத்தரவிட்டாள். ஊரே விழுந்து கும்பிட்டது. அவள் தம்பி பூவரசன் மட்டும் நம்பவில்லை. அதனால்தான் குடும்பமே இன்று கடலூர் தியேட்டரில் உட்கார்ந்திருந்தது.

திரையில் மண்டையோட்டு மாலையோடு மந்திரவாதி தீச்சக்கரத்துக்குள் குதித்தான். அம்மன் சூலத்தோடு பாய்ந்தாள். உடுக்கை அதிர்ந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஆடத் தொடங்கினார்கள்.

"லேசாவாவது ஆடும்மா!" தமிழினி தாயைக் கிள்ளினாள்.

"சும்மா இருடி. மந்திரவாதி சாவப்போற நேரத்துல!" மங்கம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாத்தீங்களா? எல்லாம் வேஷம்!" பூவரசன் சிரித்தான்.

சிதம்பரத்தில் நர்சிங் சேர்ந்தே தீருவது என்றிருந்த தமிழினி, தானே ஆடிவிடுவது என்று பின்னலை அவிழ்த்தாள். அதற்குள் பக்கத்து இருக்கை கிடுகிடுவென்று ஆடியது.

"அடேய்!" பக்கிரி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுந்தார். "என்னையாடா சோதிக்கிற?"

பூவரசன் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினான்.

"தாயே, மன்னிச்சிடு!"

"புள்ள படிச்சி முடிக்கற வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது," என்றாள் அம்மன். "தெரிஞ்சுதா மச்சான்?"