பலகை மேகம்

"மனோ, மேகம் கருப்பாப் பலகை மாதிரி தாழ வருது."

"பாக்க ஷோக்கா இருக்குமே மாமா! போட்டோ புடிச்சு அனுப்பு, ஸ்டேட்டஸ் வைக்கிறேன்."

அந்தப் போட்டோவைத்தான், கோட்டைக்குப்பத்தில் நடந்த புயல் பயிற்சி வகுப்பில் மனோரமா நீட்டினாள். இரண்டு வருடம் முன்பு, கடலில் வலை போட்டிருந்தபோது அவள் கணவன் ஆதி அனுப்பியது.

"பலகை மேகம் இதேதான்!" என்றார் அதிகாரி. "இது தெரிந்தால் பின்னாலேயே சூறைக்காற்று வரும். எடுத்தவர் உடனே கரைக்குத் தகவல் சொல்லியிருக்கணுமே?"

"சொன்னாரு சார். என்கிட்டதான் சொன்னாரு. எனக்குத்தான் புரியல. போட்டோ வந்துச்சு, படகு வரல."



தகவல் சொல்லிப் பழகுவதற்காக மேசையில் வைத்திருந்த வாக்கிடாக்கியை மனோரமா கையில் எடுத்தாள். அன்று அவனுக்குச் சொல்லாமல் விட்டது இரண்டு வருடம் கழித்து வாய்விட்டு வந்தது.

"வலை போனாப் போவுது. நீ வந்துடு மாமா."