ஆடிப்போன படங்கள்

"ஏங்க, இன்னைக்குள்ள அந்த முக்காலி அடுப்படிய விட்டுப் போகணும். இல்லைன்னா நானும் குழந்தையும் எங்கம்மா வீட்டுக்குப் போறோம்."

சொல்லிவிட்டு மனைவி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். வெறும் மிரட்டல் அவளுக்கு வராது. சொன்னால் செய்துவிடுவாள்.

"அப்பா போட்டோ எடுக்கத்தானே கத்துக்கிறார்?"

"கத்துக்கட்டும், யார் வேணாம்னா? பார்க்குல போய் எடுக்கட்டும். மொட்டை மாடியில காக்காவை எடுக்கட்டும். வேலை பார்த்த காலமெல்லாம் பாய்லர் முன்னாடி உக்காந்திருந்தார். இப்ப என் அடுப்பு முன்னாடியா?"

அவள் சொன்னதில் மிகை இல்லை. பாய்லர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனாருக்கு அவர் மகள், கணவனின் அக்கா, ஒரு கேமரா வாங்கிக் கொடுத்திருந்தாள். முதலில் தெருத்தெருவாகச் சுற்றி எடுத்தவர், போன மாதம் திடீரென்று தனக்குத்தானே ஒரு ரூல் போட்டுக்கொண்டார். சமையலறை மூலையில் ஒரு முக்காலி. அதைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. ஜூம் கூடாது. அங்கிருந்து தெரிவதைத்தான் எடுக்க வேண்டும்.

கேட்டால், "ஒரே இடத்துல உக்காந்தாதான் கண்ணு பழகும்" என்பார்.

"கழுவாத பாத்திரம், வாராத தலை, எல்லாம் படமாகி உங்க அக்காவுக்குப் போகுது. கேமரா வாங்கிக் கொடுத்ததே அதுக்குத்தான்" என்றாள் மனைவி. "ராத்திரி பூரா குழந்தையோட முழிச்சிட்டு, விடிஞ்சா ஆபீசுக்கு ஓடுறேன். அதுக்கு நடுவுல எனக்கு வேவு வேறயா?"

"அப்பாவே படத்தையெல்லாம் காப்பி பண்ணச் சொல்லி கார்டைக் கொடுத்திருக்கார். சேர்ந்தே பார்ப்போம். உன்னை மட்டமா காட்டுற படம் ஒண்ணு இருந்தாலும், முக்காலியை நானே தூக்கி வெளியில வைக்கிறேன்."

லேப்டாப்பில் படங்கள் ஓடின. குழாய் நுனியில் விழலாமா வேண்டாமா என்று நின்ற சொட்டு. ஜன்னல் வெயிலில் சுருண்ட ஆவி. கவிழ்த்து வைத்த டம்ளர்கள். ஒரே ஒரு படத்தில் அவள் கை மட்டும், மாவு ஒட்டிய விரல்களோடு. அழகாகவே இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நடுவில் சில படங்கள் கலங்கி வந்தன. கோணலாகத் தரை, முக்காலியின் கால், மேடை விளிம்பு.

"பாருங்க, எழுந்து ஓடியிருக்கார். அவசரத்துல விரல் பட்டனை அமுக்கியிருக்கு. தானே போட்ட ரூலைக்கூடக் காப்பாத்தத் தெரியல" என்று சிரித்தாள்.

அடுத்ததும் ஆடிப்போன படம். சுருக்கம் விழுந்த ஒரு கை, அடுப்பின் திருகைப் பிடித்திருந்தது. மேலே, தண்ணீர் வற்றிக் கருகத் தொடங்கிய பாத்திரம். அதற்குள் குழந்தையின் பால் பாட்டில்.

அவள் சிரிப்பு நின்றது.

குழந்தையைத் தூங்க வைக்கப் போனவள், அப்படியே தானும் கண்ணயர்ந்த நாள் அது. பதறி எழுந்து வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. பாட்டில் புதுத் தண்ணீரில் கிடந்தது.

"நான்தான் அணைச்சிட்டுப் போனேன்னு நினைச்சேன்" என்றாள் மெல்ல.

கணவன் அடுத்த கலங்கிய படத்துக்குப் போனான். பால் பொங்கி வழிந்து, நெருப்பு மட்டும் அணைந்துபோன அடுப்பு. கேஸ் திறந்தே இருக்கிறது. திருகில் அதே கை. அதற்கடுத்த ஆடிப்போன படத்திலும் அதே கை.

அவள் தோளில் தூங்கும் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, எதுவும் ஆகவில்லை என்ற நிம்மதியில் கண் நிறைந்தது.

மாமனார் உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அதையெல்லாம் ஏன்டா பார்க்கிறீங்க? கை ஆடிப்போச்சு. அழிச்சிடு, வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்."

"அக்காவுக்கு அனுப்பினீங்களாப்பா?"

"இதையா? வாங்கிக் கொடுத்தவளே சிரிப்பா. யாருக்கும் காட்டல."

பிறகு மருமகளைப் பார்த்துத் தயங்கினார். "அடுப்படியில உனக்கு இடைஞ்சலா இருக்கேன்னு தெரியும்மா. வேணும்னா முக்காலியை எடுத்துடட்டுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுக்க வேணாம் மாமா. அந்த மூலையில வெளிச்சம் பத்தாது. இன்னும் கொஞ்சம் அடுப்புக்கிட்ட தள்ளிப் போட்டுக்கோங்க."