எட்டாவது மாடி

காற்றடித்தால் போகும், மழை பெய்தால் போகும் என்றிருந்த கிஷோர் வீட்டு இன்டர்நெட், இந்த வாரம் எந்தச் சாக்கும் சொல்லாமலே போய்விட்டது.

மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டெக்னீஷியன் நரேஷ், தூரத்தில் பச்சை வலை போர்த்தி நின்ற கட்டடத்தைக் கிஷோருக்குக் காட்டினான்.

"ஸ்வல்ப... கொஞ்சம் அங்க பாருங்க சார். நம்ம டவர் அதுக்குப் பின்னாடி இருக்கு. ஏழு மாடி வரைக்கும் தொந்தரவில்ல. இப்ப எட்டாவது எழும்பி சிக்னலை மறைக்குது."

"ஆகாசத்துல வீடு வாங்கின அந்த அறிவாளி எவன்யா? பூமியில இடமே கிடைக்கலையா அவனுக்கு?"

"சைட்ல விசாரிச்சேன் சார். யாரோ ஒருத்தர் தினமும் பில்டருக்கு போன் போட்டுத் திட்டித் திட்டியே சீக்கிரம் எழுப்ப வெச்சாராம்."

"வெளங்குவானா அவன்? அந்த வீட்டுல குடியேறி, ஆயுசுக்கும் நெட் கிடைக்காம அல்லாடணும்!"

படியேறி வந்த மனைவி சிந்துவின் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, பில்டர் கூப்பிட்டார். தினமும் நீங்க போட்ட சத்தத்துல நம்ம எட்டாவது மாடி எழும்பிடுச்சாம். பச்சை வலை கட்டியிருக்காங்களாம், நம்ம மொட்டை மாடியில நின்னாலே தெரியுமாம்!"