அஞ்சுக்கு மேலே இல்லை

"அஞ்சு. இந்த வரிசையில வேற எவனுக்குமே அஞ்சு இல்லையேடா."

அம்மா ஹெட்விக் பேப்பரைச் சமையல் மேசைமேல் விரித்து, மாவு ஒட்டிய விரலால் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினாள். ஏவால்ட் காப்பிக் கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் ஷெபாய்கன் ஊரில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடுவது அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. நேற்றுதான் ஏவால்டின் முதல் ஆட்டம். அதற்கு முன்பே அம்மா தீர்ப்பை எழுதி வைத்திருந்தாள். "பேப்பர்ல உன் பேருக்கு நேரா என்ன போட்டிருக்கான்னு பார்ப்பேன். உருப்படியா எதுவும் இல்லேன்னா திங்கக்கிழமை மாமாவோட நாற்காலி ஃபேக்டரிக்குப் போயிடணும்." சொன்ன சொல்லை அவள் மாற்றியதாகச் சரித்திரம் இல்லை.

இப்போது பேப்பரில் அவன் பேருக்கு நேராக நாலு எண்கள் இருந்தன. கூடையில் போட்டது சைபர். ஃப்ரீ த்ரோ சைபர். ஃபவுல், அதாவது எதிராளியை இடித்து அடித்த குற்றம், ஐந்து; ஐந்து ஆனால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றிவிடுவார்கள். மொத்தப் புள்ளி சைபர்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். ஏவால்டுக்கு அந்தச் சாக்குகூட இல்லை. மேடை நேராகத்தான் இருந்தது, கூடையும் எல்லோருக்கும் இருந்த அதே உயரத்தில்தான் இருந்தது.

அம்மாவுக்கு ஜெர்மன் பைபிள் தலைகீழ்ப் பாடம். ஆங்கிலம் மட்டும் தகராறு. ஆனால் எண்கள் எல்லா மொழிக்கும் ஒன்றுதானே.

"அஞ்சு எடுக்கறது கஷ்டமாடா?"

ஏவால்ட் யோசித்தான். பொய் சொன்னால் அம்மா மோப்பம் பிடித்தே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் உண்மையையே சொல்வது என்று முடிவு செய்தான்.

"ரொம்ப பேரால முடியாதும்மா. எனக்கு முதல் பாதியிலேயே மூணு வந்துடுச்சு."

"அடேயப்பா. அப்புறம்?"

"அஞ்சு வந்ததும் ஆட்டத்தையே நிறுத்தினாங்க. நடுவர் என்னைக் கை காட்டினார். ஜனமெல்லாம் எழுந்து நின்னு கத்திச்சு. அப்புறம் என்னைக் கொண்டுபோய் பெஞ்சில உட்கார வெச்சுட்டாங்க. கடைசிவரைக்கும் எழுந்திருக்கவே விடல."

"அவ்வளவு மரியாதையா?"

"எதிர் டீம்ல ஒரு நெட்டையன் இருந்தாம்மா. ஆட்டம் முடிஞ்சதும் அவனே தேடி வந்து என் கையைப் பிடிச்சு நன்றி சொன்னான்."

அதுவும் சத்தியம். இவன் அடித்த அடிக்கெல்லாம் ஃப்ரீ த்ரோ வாங்கித்தான் அந்த நெட்டையன் புள்ளி சேர்த்தான். தன் வாயிலிருந்து இவ்வளவு சரளமாக வருகிற ஆட்டம், கையிலிருந்து ஏன் வரவில்லை என்று ஏவால்டுக்கே வியப்பாக இருந்தது.

"கடைசியில மறுபடி ஒரு சைபர் போட்டிருக்கானே?"

"இருந்ததையெல்லாம் மைதானத்துலயே குடுத்துட்டேன்மா. மிச்சம் ஒண்ணும் வெச்சுக்கல."

அம்மா அவனையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு சட்டியில் பொரிந்துகொண்டிருந்த சாசேஜில் பெரியதாக ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சாப்பிட்டான்.

அந்த நேரம் பார்த்து, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு ரைன்ஹோல்ட் மாமா உள்ளே வந்தார். ஏவால்ட் கடித்த சாசேஜைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். மாமாவுக்கு ஆங்கிலமும் தெரியும், கூடைப்பந்தும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், மாமாவிடம் இந்த ஐந்தை மறைக்க முடியாது.

"தம்பி, இதைப் பாரு. நம்ம பையன் அஞ்சு எடுத்திருக்கான்" என்று அம்மா பேப்பரை நீட்டினாள்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேப்பரைப் பார்த்தார். ஏவால்டைப் பார்த்தார். அவன் கண்ணாலேயே அவர் காலில் விழுந்தான்.

"நீயே சொல்லு தம்பி. அஞ்சுக்கு மேல எவனாவது எடுக்க முடியுமா?"

"முடியாதுக்கா. சட்டத்துலயே இடமில்ல."

"அப்போ இவனை ஃபேக்டரிக்கு அனுப்பறது நியாயமா?"

"பாவம்க்கா. இப்படி ஒரு திறமையை வெச்சுக்கிட்டு நாற்காலி செய்யச் சொல்றதா? ஆடட்டும் விடு."

"சரி, ஆடட்டும். நான் சொன்ன சொல் சொன்னதுதான். பேப்பர்ல உருப்படியா வந்திருக்கே" என்று அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏவால்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமா கிளம்பியதும் கோட்டைக்கூட மாட்டாமல் அவர் பின்னாலேயே வாசலுக்கு ஓடினான்.

"மாமா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. பாவம், அம்மாவை ஏமாத்திட்டேன். இன்னும் ஒரே ஒரு மாசம், கொஞ்சமாவது கத்துக்கறேன். அதுவரைக்கும் அம்மாகிட்ட எதையும் சொல்லிடாதீங்க."

மாமா லாரிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யாருகிட்டடா சொல்லக் கூடாது? நேத்து அரங்கத்துல உங்கம்மா என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா. நீ அஞ்சாவது தடவை அந்த நெட்டையனைப் போட்டு அடிச்சதும் என் காதுல சொன்னா: 'தம்பி, இந்தக் கை சொன்ன பேச்சு கேக்காது, உன் மரம் அறுக்கற மிஷின் பக்கத்துல மட்டும் விட்டுடாதே. காலையில நான் ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேட்டுக்கறேன், நீ வந்து ஆமாம்னு மட்டும் சொல்லு.'"