மாறுவேட வாடிக்கையாளர்

“வைன் குடிக்காத ஆளுக்கு அந்த ஊர்ல என்ன அங்கிள் இருக்கு?”

கேட்ட பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ரக்ஷனா என்று பெயர் சொன்னாள். பிரான்சில் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த அல்சாஸ் பகுதிக்குச் சுற்றுலா போக வேண்டுமாம். அவளுக்கில்லை, அவள் அம்மாவுக்கு.

துரைசாமி உஷாரானார். காலையில்தான் மேனேஜர் நசீர் அவரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு எச்சரித்திருந்தார்.

“துரை அண்ணே, இந்த வாரம் ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆள் வருது. கஸ்டமர் மாதிரியே நடிச்சுப் பேசும். வழக்கம்போல உண்மையைப் பேசி, வந்தவங்களைத் திருப்பி அனுப்பிடாதீங்க. இந்தத் தடவை என்னால உங்களைக் காப்பாத்த முடியாது லா!”

ஐம்பத்தேழு வயதில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் இந்தச் சுற்றுலா நிறுவனத்து நாற்காலி போனால், இன்னொரு நாற்காலி எங்கே கிடைக்கும்? துரைசாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“என்ன இல்லைன்னு கேளும்மா. எகிஷைம்னு ஒரு கிராமம். தெருவெல்லாம் வட்டம் வட்டமாப் போகும். தொலைஞ்சு போகவே முடியாது, கிளம்பின இடத்துக்கே வந்து நிப்போம். கூரை மேல நாரை கூடு கட்டியிருக்கும். கொல்மார்ல வாய்க்கால்ல படகு விடுவாங்க. ஊரைத் தாண்டினா திராட்சைக் கொடிக்கு நடுவுல நடைபாதை. பேசிக்கிட்டே அடுத்த கிராமத்துக்கு நடந்துடலாம்.”

“நீங்க போயிருக்கீங்களா?”

“குரூப் கூட்டிக்கிட்டு நாலு தடவை.”

“வைன்?”

“ஒரே ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன். கெட்டுப்போன புளித்தண்ணி மாதிரி இருந்துச்சு. அதோட சரி.”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைப்பேசியில் எதையோ தட்டினாள். மார்க் போடுகிறாள் என்று துரைசாமிக்குப் புரிந்தது.

“அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா எங்கேயும் வெளியே போனதில்லை, அங்கிள். அதான் கேட்கிறேன். இந்தத் தடவையும் டூர் லீடர் நீங்கதானா?”

“ஆமாம்மா.”

“குறட்டை விடுவீங்களா?”

துரைசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னது?”

“பஸ்ல லா, அங்கிள்! சத்தம் கேட்டா அம்மாவுக்குத் தூக்கம் வராது.”

“பஸ்ல நான் எங்கேம்மா தூங்குறது? தலை எண்ணுறதுக்கே நேரம் போதாது. வீட்டுல லேசா விடுவேன்னு என் பொண்ணு சொல்லுவா.”

“யாராவது லேட்டா வந்தா கத்துவீங்களா?”

“எல்லாருமேதான் லேட்டா வருவாங்க. கத்தினா என் தொண்டைதான் போகும். ஒரு டீ வாங்கிக் கொடுத்து பஸ்ஸுல ஏத்திடுவேன்.”

“சமைப்பீங்களா?”

“ரைஸ் குக்கர் இல்லாம நான் விமானமே ஏற மாட்டேன். தக்காளி ரசம் வெப்பேன். முட்டை பொரிப்பேன்.”

குறட்டை, கோபம், ரசம். இதெல்லாம் எந்த ஹெட் ஆபீஸில் கேட்கும் கேள்வி? துரைசாமிக்கு மண்டை குடைந்தது. அவர் யோசித்து முடிப்பதற்குள் ரக்ஷனா விளம்பரத் தாளில் ஒரு படத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இந்த மூணு கோட்டை நடை. எல்லாருக்கும் ஏற்ற எளிய பாதைன்னு போட்டிருக்கீங்க. அம்மாவுக்கு முழங்கால் வலி. போகலாம் இல்ல?”

இதுதான் பொறி!

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நசீர் உற்றுப் பார்த்தார். ‘தாராளமா’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேலை தப்பிக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்த சொல், பாதி மலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முகம் தெரியாத ஒரு பெண்ணை நினைத்ததும் உள்ளே போய்விட்டது.

“வேணாம்மா. நம்ம புக்கிட் தீமா மலை ஏத்தம் மாதிரி, ஆனா இன்னும் நீளம். முழங்கால் தாங்காது.”

“எல்லாரும் மேலே போயிட்டா அம்மா மட்டும் கீழே தனியா என்ன பண்ணுவாங்க?”

“தனியா எதுக்கு? மேலே போறவங்களுக்கு உள்ளூர் கைடு இருக்கார். நான் எப்பவும் ஏற முடியாதவங்களோடதான் கீழே இருப்பேன். தோட்டத்து ஓரமா பெஞ்சு போட்டிருக்கான். உட்கார்ந்து கதை பேசலாம்.” அவர் நிறுத்தவில்லை. “இன்னொண்ணு, படத்துல தொங்குற பழத்தைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. எங்க டூர் போறது அறுவடை சமயத்துல. அப்போ சில தோட்டப் பாதையை மூடிடுவாங்க. நடக்கணும்னா மே மாசம் போகணும். மே மாசத்துக்கு எங்ககிட்ட டூர் கிடையாது. வேற கடையில கேட்டுப் பாருங்க.”

கண்ணாடி அறைக்குள் நசீர் தலையில் அடித்துக்கொண்டார்.

ரக்ஷனா கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, துரைசாமியையே பார்த்தாள்.

“நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்மா,” என்றார் அவர். “ஹெட் ஆபீஸுக்கு என்ன எழுதணுமோ எழுதிக்குங்க. வேலை போனாப் போகட்டும். கால் வலிக்காரங்களை என்னால மலை ஏத்த முடியாது.”

“ஹெட் ஆபீஸா? எந்த ஹெட் ஆபீஸ்?” ரக்ஷனா விழித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். “ஐயோ அங்கிள், நான் உங்க பொண்ணோட ஃப்ரெண்ட். ஆன்ட்டி போனதுக்கு அப்புறம் வீட்டுல தனியா உட்கார்ந்து சாப்பிடுறீங்களாம். அவளால பார்க்க முடியலையாம். அவதான் என்னை அனுப்பினா.”

கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தாள்.

“அம்மா, தேக்கா மார்க்கெட்டுல காய் வாங்கினது போதும், இங்கே வாங்க. உங்களுக்குப் பார்த்த மாப்பிள்ளை எனக்கு ஓகே லா!”