கள்ளி வேலி

நிலத்தைப் பாகம் பிரித்தபோது ஓரகத்திகள் இருவரும் நடுவில் ஒரே வரிசைதான் சப்பாத்திக்கள்ளி நட்டார்கள். அது தன் பக்கம் சாய்கிறது என்று இளையவள் சொர்ணத்தாய் கோடைதோறும் வெட்டி, மடல்களை அந்தப் பக்கம் வீசினாள். மூத்தவள் பிச்சக்கனி வெட்டி இந்தப் பக்கம் வீசினாள். விழுந்த மடலெல்லாம் வேர்விட்டது. பதினாறு வருடத்தில் வேலி இருவருடைய எள்ளுக்காட்டிலும் பாதியைத் தின்றுவிட்டது.

இன்று வெட்டும்போது சொர்ணத்தாயின் கையெல்லாம் மயிர் போன்ற சுணைமுள் ஏறிவிட்டது. அலுத்துப்போய் அரிவாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி, சத்தத்தையே காணும். செத்துட்டியா?" வேலிக்கு அப்பாலிருந்து பிச்சக்கனி கேட்டாள்.

"ஆமா. வந்து மாலை போடு."

"வர வழி எங்க வச்ச?"

"நீ வச்சியாக்கும். கையில சுணை ஏறிருச்சு, அக்கா. பிடுங்க முடியல."

"எந்தக் கை?"

"சோத்துக் கை."

பிறகு அந்தப் பக்கம் வெட்டும் சத்தம் கேட்டது. மடல் வந்து விழும் என்று சொர்ணத்தாய் பழக்கத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரு மடலும் வந்து விழவில்லை.