பெயர் எழுத வேண்டாம்

தலைமையாசிரியர் வெங்கடாசலம் அந்தத் தாளை மேசைமேல் விரித்து, பறந்துவிடாமல் இருக்கப் பேப்பர்வெயிட்டை அதன் தலையில் வைத்தார்.

அறையில் காற்றே இல்லை. இருந்தாலும் வைத்தார்.

எதிரே தமிழ் டீச்சர் தெரசா நின்றாள். அந்த அறையில் ஆசிரியர்கள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலி என்னவோ இரண்டு கிடக்கிறது, தூசி வந்து உட்காரட்டும் என்று.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தின் சூழ்நிலை எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளும் ஆசிரியர்களும் மனம் திறந்து எழுதிப் பெட்டியில் போட வேண்டும், பெயர் எழுத வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. எண்பத்தாறாம் வருஷத்தில் மேலிடத்துக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

கணக்கு வாத்தியார் சின்னப்பன், 'சூழ்நிலை மிகவும் சிறப்பாக உள்ளது' என்று எழுதினார். மற்ற ஆசிரியர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். இதையே பிள்ளைகள் பரீட்சையில் செய்தால் முட்டி போட வைப்பார்கள்.

அதை எழுதவும் தெம்பில்லாமல் தெரசா வெறும் தாளை மடித்துப் போட்டாள்.

பிள்ளைகள் பாவம், நிஜமாகவே கேட்கிறார்கள் என்று நம்பிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியில் பாசி, கக்கூஸுக்குக் கதவில்லை, விளையாட்டு பீரியடில் கணக்கு நடத்துகிறார்கள் என்று எழுதித் தள்ளினார்கள். சத்துணவு சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று ஒருவன் அறிவித்திருந்தான்.

அதையெல்லாம் ஹெச்.எம். பொருட்படுத்தவில்லை. இந்த ஒரு தாள்தான்.

'காலையில் பள்ளி வாசலைக் கண்டாலே வயிற்றைப் புரட்டுகிறது. ஹெச்.எம். சாரின் செருப்புச் சத்தம் கேட்டால் வகுப்பே மூச்சை அடக்கிக்கொள்கிறது, டீச்சர்களும்தான். இங்கே யாரும் யாருடனும் சிரித்துப் பேசிப் பார்த்ததில்லை. சாயங்காலம் மணி அடித்தாலும் எனக்குப் பள்ளிக்கூடம் முடிவதில்லை.'

"ஒன்பதாவது, பத்தாவதுக்கு நோட்டுத் திருத்தறது நீங்க. உங்களுக்குத் தெரியாத கையெழுத்து இங்க ஏதுங்க டீச்சர்? யாருன்னு சொல்லுங்க, டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்துடறன். அப்பங்காரனையும் வரச்சொல்லி, எப்படிப் பிள்ளை வளர்த்திருக்கறான்னு நாலு வார்த்தை கேக்கணும்."

சொல்லிக்கொண்டே டிராயரிலிருந்து தெரசாவின் மாறுதல் விண்ணப்பத்தை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பேனா மூடியைக் கூடக் கழற்றிவிட்டார்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஓர் இடம் காலி. விண்ணப்பம் இன்றைய தபாலில் போனால் அவளுக்கு, இல்லையென்றால் வேறு யாருக்கோ.

அவளுடைய இரண்டரை வயதுப் பிள்ளை அங்கே மாமியார் வீட்டில் வளர்கிறது. சனிக்கிழமை ஏரியூரில் ஒரு பஸ், பென்னாகரத்தில் ஒரு பஸ், தர்மபுரியில் ஒரு பஸ் என்று மாறிப் போய், ஞாயிறு பூசை முடிந்ததும் திரும்பிவிடுவாள். போன வாரம் பிள்ளை அவளைப் பார்த்து, ஊரார் கூப்பிடுகிற மாதிரியே 'டீச்சர்' என்று கூப்பிட்டது. மாமியார் சிரித்தாள். தெரசாவும் சிரித்தாள். திரும்பும்போது பென்னாகரம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாளாம். பக்கத்து சீட்டில் வந்த பெண்பிள்ளை சொன்னதுதான், நாமென்ன கற்பனையா செய்கிறோம்.

தாளைப் பார்த்ததுமே தெரசாவுக்குத் தெரிந்துவிட்டது. கொம்புச் சுழியை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றுகிற கை. சிவப்பு மையில் திருத்தித் திருத்தி அவளுக்கு அலுத்துப்போன கை. கணக்கில் இரண்டு மார்க் குறைந்ததற்கு, போன மாதம் மூன்று நாள் பேனா பிடிக்க முடியாமல் வீங்கிக் கிடந்த கை.

"தெரியலீங்க சார்."

"சரி. கிருஷ்ணப்பா, தமிழ் நோட்டெல்லாம் எடுத்துட்டு வா. ஒன்னொன்னா வெச்சுப் பாத்துடறன்."

பியூன் கிருஷ்ணப்பன் கதவுக்குப் பின்னால்தான் இருந்தான். வேறெங்கே இருப்பான். அவன் அங்கே நிற்காவிட்டால் இந்த ஊருக்கு எந்தச் சேதிதான் வந்து சேரும்.

அவன் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது.

"வேணாங்க சார்," என்றாள் தெரசா. "நான் எழுதினதுதான். யாருன்னு தெரியக் கூடாதுன்னு இடது கையில எழுதினன்."

ஹெச்.எம். தாளை இன்னொரு தரம் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. தினமும் ஒரு கட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவளுக்குப் பள்ளிக்கூடம் எப்படி முடியும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். நம்பிவிட்டார்.

பேனாவை மூடினார். விண்ணப்பம் டிராயருக்குள் திரும்பிப் போனது.

"இங்கயே இருங்க டீச்சர். வயித்தைப் புரட்டறது போகப் போகப் பழகிடும்."

வராந்தாவில் கிருஷ்ணப்பன் பின்னாலேயே வந்தான்.

"ஏனுங்க டீச்சர், இடது கையில எழுதினா இவ்ளோ குண்டு குண்டாவா வரும்? எனக்கு வலது கையிலயே வராதுங்களே."

"மணியாச்சு. போய் பெல் அடிங்க."

ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. வீட்டில் கையெழுத்து வாங்கித் திரும்பி வந்த ஒன்பதாம் வகுப்புக் கால் பரீட்சை ரேங்க் கார்டுகள் மேசையில் கிடந்தன. உட்கார்ந்தாள். பிறகு கட்டின் நடுவிலிருந்து அந்தத் தாளை எழுதிய பெண்ணின் கார்டை உருவினாள்.

தமிழ் எண்பத்தொன்று. கணக்கு அறுபத்தெட்டு. நடத்தை நன்று.

தலைமையாசிரியர் கையொப்பம் என்ற இடத்தில் வெங்கடாசலம் என்று இருந்தது.

பெற்றோர் கையொப்பம் என்ற இடத்திலும்.